பகல் செய்தியும் பாழாய்ப்போன கீபோர்டும்

எமோசி கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் முதுகில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். முதலில் ரொட்டித் துணுக்குகள் விழுந்தன. பிறகு ஓர் ஊக்கு, பல்லி வால் ஒன்று, கடைசியாக ஒரு பட்டாளம் எறும்பு.

"என்ன, பால் குடிச்ச பிள்ளைக்கு ஏப்பம் வர வைக்கிறியா?" என்று கேட்டாள் வசிதி. அலுவலகத்தைப் பெருக்கி, தேநீர் போட்டுக் கொடுப்பவள். துடைப்பத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இங்கிலீஷ் ஏ எழுத்து விழ மாட்டேங்குது."

"ஒரு எழுத்துதானே. அதை விட்டுட்டு அடி."

"எப்படி விடறது? நம்ம பாஷையையும் இங்கிலீஷ் எழுத்துலதானே எழுதறோம், ஏ இல்லாம எத்தனை பேர் இருக்கு? உன் பேர்லயே ஒண்ணு இருக்கு."

"உன் பேர்ல இருக்கா?"

எமோசி மனசுக்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். "இல்லே."

"அப்ப உன் சாவுச் செய்தியை இப்பவே அடிச்சு வெச்சுக்கலாம். அதுக்கு இந்த மிஷின் போதும்."

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் அன்று அடிதடி நடந்திருக்கும். ஆனால் வசிதி அவருக்குத் தௌவு முறை. எமோசியின் ஊர் நசெலே. வசிதியின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், வுனிகௌ. இரண்டு ஊர்களின் பழைய தெய்வங்களும் பங்காளிகளாம். அதனால் இந்த ஊர்க்காரர் அந்த ஊர்க்காரரை வாய்க்கு வந்தபடி ஏசலாம், தட்டில் இருக்கும் மீனை எடுத்துத் தின்னலாம், பிடித்திருந்தால் மேலே போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டு போகலாம். கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் ஊருக்கே அவமானம். சிரிக்க வேண்டும்.

வேலைக்கு வந்த நாளிலிருந்து எமோசி சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய புதுக்குடை வசிதி வீட்டில் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் பாதி அவள் வயிற்றில் இருந்தது. ஒருமுறை அவர் சட்டைப் பையின் வாயை அவள் தைத்தே விட்டாள். அவர் சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தபோது சில்லறையை எடுக்க முடியாமல் பையோடு போராடியதைச் சபையே பார்த்தது. அதற்கும் சிரித்தார்.

அது கைப்பேசி வராத காலம். எங்கள் தீவிலும் சுற்றியிருந்த குட்டித் தீவுகளிலும் இருந்த டெலிபோன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாருக்காவது சேதி சொல்ல வேண்டுமென்றால், படகுத்துறைக்கு எதிரே தகரக்கூரை போட்டிருந்த தீவு வானொலிக்கு வந்து, ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் எமோசியிடம் சொல்வோம். அவர் எழுதிக்கொள்வார். மத்தியானம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பார்.

"வடக்குத் தீவு செருவுக்கு. உங்க மாமியார் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டாங்க. வியாழக்கிழமைப் படகுல வர்றாங்க. பாயை எடுத்து வெயில்ல போட்டு வை, செரு."

கடைசி வரி யாரும் சொல்லி அனுப்பியதல்ல. எமோசி தாமாகச் சேர்த்துக்கொள்வது. அந்த நேரத்தில் தீவில் கோடரிச் சத்தம் கேட்காது. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். எனக்கு இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் அவித்த மரவள்ளிக்கிழங்கு வாசனை வருகிறது. அது சாப்பாட்டு நேரம். எவ்வளவு நல்ல காலம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அந்த நல்ல காலத்தில்தான் தலைநகர் சூவாவில் இருந்த தலைமை அலுவலகம் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பி வைத்தது. அதோடு மேலதிகாரி போனில் பேசினார்.

"எமோசி, இனிமே எல்லாச் சேதியையும் மிஷின்ல அடிக்கணும். மழைக்காலம் முடிஞ்சதும் ஆள் வரும். மிஷின் எப்படி ஓடுதுன்னு பார்த்துத்தான் உங்க ஸ்டேஷனை வெச்சுக்கறதா மூடறதான்னு முடிவு பண்ணுவோம்."

மிஷின் ஓடாவிட்டால் மூடிவிடுவார்கள் என்று எமோசி எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் கவலை தன் நாற்காலியைப் பற்றி அல்ல. இங்கே மூடிவிட்டால் சேதியைச் சூவாவில் யாரோ ஒருத்தன் வாசிப்பான். எங்கள் தீவுக் கூட்டத்தில் நான்கு செரு உண்டு. எந்தச் செருவுக்கு எந்த மாமியார் என்று சூவாக்காரனுக்கு என்ன தெரியும்? மாமியார் பெயரைக் கேட்டு வேறு செரு மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு?

ஆகவே அவர் கம்ப்யூட்டரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றத் தீர்மானித்தார். கம்ப்யூட்டர் அதற்கு ஒத்துழைத்தது. கீபோர்டுதான் ஒத்துழைக்கவில்லை.

ஏ எழுத்தை மீன் அறுக்கும் கத்தியால் நெம்பினார். அது துள்ளி, பலகை இடுக்கு வழியாகத் தரைக்குக் கீழே போயிற்று. எமோசி அலுவலகத்துக்கு அடியில் தவழ்ந்து போய்த் தேடினார். அங்கே அடைகாத்துக்கொண்டிருந்த கோழிக்கு அவர் வந்த காரணம் விளங்கவில்லை. மூக்கில் கொத்து வாங்கிக்கொண்டு, எழுத்தோடு வெளியே வந்து, அதைப் பழைய இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினார். ஏ எழுந்துகொண்டது. பக்கத்தில் இருந்த எஸ் உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை அந்த வரிசையே அசையவில்லை. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது.

"தேங்காய்ப்பால் ரொட்டி" என்று எமோசி கண்டுபிடித்தார். "அடிச்சுக்கிட்டே தின்னேன் இல்லே, அந்த இனிப்பு உள்ள இறங்கியிருக்கு. இனிமே இந்த அறையில நான் ரொட்டி தின்ன மாட்டேன்."

"வீணாப் போகக் கூடாது பாரு" என்று வசிதி அந்தப் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிசுபிசுப்பு போக எமோசி கீபோர்டை மழைத்தொட்டித் தண்ணீரில் அலசினார். சோப்புப் போட்டார். நன்றாகப் பிழிய முடியவில்லையே என்ற குறையோடு தகரக்கூரை மேல் காயப் போட்டார். சாயங்காலம் ஏணி வைத்து எடுத்தபோது அது பொரித்த அப்பளம் போல வளைந்திருந்தது.

சூவாவிலிருந்து சுபாஸ் புதுக்கீபோர்டோடு படகில் வந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன், நல்ல பையன், கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவன். பச்சை முகத்தோடு வந்து மாட்டிக் கொடுத்தான். கீபோர்டு ஜோராக வேலை செய்தது. எமோசி அவனுக்கு முன்னால் ஒரு பக்கம் முழுக்க அடித்துக் காட்டினார். படகு சங்கு ஊதியது, சுபாஸ் போனான். அடுத்த நாள் காலை கீபோர்டும் போயிற்று.

"சுபாஸ், உசிரே இல்லேப்பா" என்று எமோசி போனில் சொன்னார்.

"வயரை நல்லா சொருகியிருக்கீங்களா, அண்ணே?"

"சொருகி, அது மேல சுண்ணாம்புக்கல்லை வெச்சிருக்கேன்."

"கல்லை எதுக்கு வெச்சீங்க?"

"நகராம இருக்கத்தான்."

சுபாஸ் முதலில் கல்லை எடுக்கச் சொன்னான். பிறகு, "உப்புக்காத்தா இருக்கும், அண்ணே. இன்னொண்ணு கொண்டு வர்றேன். மூடி வெச்சுக்கங்க" என்றான். அவன் குரலில் அலை அடித்தது.

இந்த இடத்தில் எமோசிக்கு வசிதி மேல் சந்தேகம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வராமல் இருக்குமா? ஆனால் யோசித்துப் பார்த்துக் கைவிட்டார். தௌவு குறும்பு செய்தால் அதைச் செய்த கையோடு சொல்லிச் சிரிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதில் என்ன சுகம்? பையைத் தைத்த அன்று வசிதி சர்ச் வாசலிலேயே ஊசியைத் தூக்கிக் காட்டினாள். கீபோர்டு விஷயத்தில் அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. போதாததற்கு அவர் புலம்பும்போதெல்லாம் ஒரு கோப்பை எலுமிச்சை இலைத் தேநீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பாவம், அவளுக்கும் வருத்தம்தான் என்று எமோசி நெகிழ்ந்தார்.

மூன்றாவது கீபோர்டை ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையோடு சேர்த்து அடித்தார். உப்புக்காற்று உள்ளே போகவில்லை. ஆனால் பை விரலோடு ஒட்டி, ஓர் எழுத்தை அடித்தால் இரண்டு விழுந்தது. பேர்களை அவர் வாசிக்கும்போதே திருத்திக்கொண்டார். எண்களை என்ன செய்வது?

"கிழக்குத் தீவு மனோவாவுக்கு. தம்பி கல்யாணத்துக்கு இருபத்திரண்டு பன்றி அனுப்பவும்" என்று வாசித்தார். கொஞ்சம் அதிகம்தான் என்று அவருக்கே தோன்றியது. ஆனால் அந்தக் குடும்பம் எதிலும் கொஞ்சம் ஆடம்பரம். "நல்லா கொழுத்ததாப் பார்த்து அனுப்பு, மனோவா" என்று வழக்கம்போல ஒரு வரி சேர்த்தும் விட்டார்.

மனோவா சொன்ன சொல் தட்டாதவன். தன்னிடம் இருந்தது போக அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்கி, சனிக்கிழமை காலை இருபத்திரண்டு பன்றிகளையும் படகுத்துறையில் இறக்கினான். கல்யாண வீட்டார் கேட்டது இரண்டு. கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்புவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். பெற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். பெற்றுக்கொண்டால் அதற்கு ஏற்ற ஆட்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர்கள் சீராகப் பாய் கொண்டு வருவார்கள், அவர்களுக்கும் பதில் சீர் செய்ய வேண்டும். அந்தக் கல்யாணம் ஒரு வாரம் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா அதற்குப் பிறகு எமோசியைப் பார்த்தால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

"நல்ல வேளை, மிஷினுக்கு மூணு தடவை அடிக்கத் தெரியலே" என்றாள் வசிதி. அவளுக்கு அந்த வாரம் முழுவதும் கல்யாணச் சாப்பாடு.

எமோசி பிளாஸ்டிக் பையைக் கழற்றி எறிந்தார். கழற்றிய மறுநாள் கீபோர்டில் மறுபடியும் எறும்பு.

"பிரச்சினை உப்புக்காத்து இல்லே, எறும்புதான்" என்று சொல்லி, மேஜையின் நான்கு கால்களையும் காலி மீன் டப்பாக்களில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றி வைத்தார். எங்கள் வீடுகளில் சாப்பாட்டு அலமாரிக்கு அப்படித்தான் செய்வோம். ஆனால் எங்கள் வீட்டு அலமாரிக்குக் கீழே மின்சாரப் பெட்டி இருந்ததில்லை. மத்தியானச் சேதி வாசிக்கத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்த எமோசியின் கால் டப்பாவில் பட்டது. ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், ஒரு நாற்றம். கம்ப்யூட்டர் அணைந்தது. மைக் அணைந்தது. கூரை மேல் இருந்த சிவப்பு விளக்கு வரை எல்லாம் அணைந்தன.

அன்று மத்தியானம் தீவில் சேதி இல்லை.

சேதி வராவிட்டால் சனம் வரும். படகுத்துறையிலிருந்தும் சந்தையிலிருந்தும் ஆட்கள் வந்து ஜன்னலில் மொய்த்தார்கள். ஒருவருக்கு மகள் பரீட்சை என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். ஒருத்திக்குக் கணவன் வரும் படகு எது என்று தெரிய வேண்டும். எமோசி நினைவில் இருந்ததையெல்லாம் பழையபடி பென்சிலால் எழுதினார். மின்சாரக்காரர் சாயங்காலம் வந்து சரிசெய்த பிறகு மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். அச்சடித்த தாள் இல்லை. கைத்தாளைப் பார்த்தும் பார்க்காமலும் வாசித்தார்.

"தெற்குக்கரை லீத்தியாவுக்கு. மக பாஸ் பண்ணிட்டா. அவ அப்பா ஆஸ்பத்திரியிலேர்ந்து சொல்லியனுப்பியிருக்கார். அழாதே, லீத்தியா. அவரும் அழலே. நான் கேட்டேன்."

வாசித்து முடித்து வெளியே வந்தபோது படியில் சந்தைக்காரி ஒருத்தி தேங்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை மாசமா போலீஸ்காரன் அறிக்கை படிக்கிற மாதிரி படிச்சே" என்றாள். "இன்னிக்குத்தான் நீ நீயா படிச்சே, எமோசி."

எமோசிக்குக் கண் கலங்கியது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை என்பது உண்மைதான். முன்பெல்லாம் சேதி சொல்ல வந்தவர் ஜன்னல் கட்டையில் கையை ஊன்றி, தன் கதை முழுவதையும் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் சேதியைச் சொல்வார். இப்போது எமோசி எழுத்தைத் தேடிக்கொண்டே, "சுருக்கமா சொல்லுங்க" என்றார். அந்தப் பழைய நாட்களை நினைத்து அவருக்கு ஏக்கமாக இருந்தது. ஏக்கப்பட்டு என்ன செய்வது? ஸ்டேஷன் இருந்தால்தானே வாசிக்க முடியும்.

மழைக்காலம் முடிந்தது. சூவாவிலிருந்து கிதியோனி என்ற அதிகாரி மிஷினைப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. சுபாஸ் கொண்டுவந்தவை எல்லாம் செத்துக் கிடந்தன. எமோசி கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமைச் சகோதரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அங்கே இருந்த ஒரே கீபோர்டை இரவல் வாங்கினார். பைபிள் மேல் கை வைத்துத் திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்தார். அதைச் சட்டைக்குள் போட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தூங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மறுநாள் கிதியோனி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சட்டையைத் தூக்கி அதை வெளியே எடுத்தார்.

"இது என்ன பழக்கம்?" என்றார் கிதியோனி.

"உப்புக்காத்து, சார்."

கீபோர்டை மாட்டினார். எமோசி அடிக்க ஆரம்பித்தார். ஏ விழுந்தது. எஸ் விழுந்தது. ஒன்றை அடித்தால் ஒன்றுதான் விழுந்தது. ஒரு சேதி முழுவதும் திரையில் பிழையில்லாமல் நின்றது. கிதியோனி முன்னால் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லையே. சூவாவுக்கு வந்த தகவல் வேற மாதிரி இருந்தது. இந்த வேகத்துல தினமும் அடிக்கிறீங்களா?"

"தினமும், சார்" என்றார் எமோசி. அவர் நெஞ்சு விரிந்தது. ஸ்டேஷன் பிழைத்தது, நான்கு செருவும் பிழைத்தார்கள் என்று நினைத்தார்.

வசிதி தட்டில் பெரிய கெண்டியோடு தேநீர் கொண்டுவந்தாள். மேஜையருகே வந்தவள் பாயில் கால் தட்டித் தடுமாறினாள். கெண்டி சாய்ந்தது. சர்க்கரை தாராளமாகப் போட்ட எலுமிச்சை இலைத் தேநீர் முழுவதும், ஆவி பறக்க, கன்னியாஸ்திரீகளின் கீபோர்டில் இறங்கியது.

திரையில் ஓர் எழுத்து மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே போய், பிறகு அதுவும் நின்றது.

எமோசியின் தலைக்குள் ரத்தம் ஏறியது. இத்தனை மாதப் பாடு, கோழிக்கொத்து, பைபிள் சத்தியம் எல்லாம் கண் முன்னால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. வாயைத் திறந்தார். எதிரே நிற்பவள் தௌவு. நசெலேக்காரன் வுனிகௌக்காரி மேல் கோபப்பட்டான் என்று பேர் வரக் கூடாது. திறந்த வாயால் சிரித்தார். நன்றாக, உரக்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நீர் வழிந்தது சிரிப்பால் அல்ல.

கிதியோனி வேறு தீவுக்காரர். அவருக்கு எந்தத் தெய்வம் எந்தத் தெய்வத்துக்குப் பங்காளி என்று தெரியாது. சூடான தேநீர் ஊறிய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சிரிக்கிற எமோசியை அவர் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்.

"போதும். இங்கே மிஷின் சரிப்படாது. நான் மேலே அப்படியே சொல்லிடறேன்."

எமோசியின் சிரிப்பு நின்றது. "சார், ஒரு மாசம் குடுங்க. அரை மாசம் போதும். ஸ்டேஷனை மட்டும் மூடிடாதீங்க. இங்கே நாலு செரு இருக்காங்க, சார்."

"யாரு செரு?" என்றார் கிதியோனி. "எதுக்கு மூடணும்? மிஷின் ஓடற ஸ்டேஷனைத்தான்யா மூடறோம். அங்கேயெல்லாம் அடிச்ச சேதி போன் வயர்ல சூவாவுக்கு வந்துடும், நாங்களே வாசிச்சுடுவோம். மத்த மூணு தீவு ஸ்டேஷனும் அடுத்த மாசத்தோட முடிஞ்சது. உங்க மிஷின்ல ஒண்ணும் நடக்காது. நீங்க பழையபடி பென்சில்ல எழுதி நீங்களே வாசிங்க."

அவர் காற்சட்டையை உதறிக்கொண்டே படகுத்துறைக்குப் போனார்.

எமோசி மெல்லத் திரும்பி வசிதியைப் பார்த்தார். அவள் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உனக்கு இது தெரியுமா?"

"என் தங்கச்சி மக சூவா ஆபீஸ்லதானே டீ போடறா" என்றாள் வசிதி. "உன்கிட்ட சொல்லியிருந்தா தௌவு கேலி பண்றான்னு சிரிச்சிருப்பே. அதான் தினமும் காலையில ஒரு கோப்பை டீ ஊத்தி, நேரா கீபோர்டுகிட்டயே சொல்லிட்டு வந்தேன்."